ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை

எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வெளிநாட்டுக் கார்ப் பந்தயம் பார்ப்பதற்காகவே தம்பி அதை எடுத்தான். நான் அந்த அறையின் ஒரு மூலையில் இருந்து பள்ளிப் பைகளுக்கு வார் தைப்பேன். பந்தயத்தைப் பார்ப்பதில்லை. சத்தம் மட்டும் காதில் விழும், பெரிய வண்டு ஒன்று அறைக்குள் மாட்டிக்கொண்டதுபோல.

அன்று சத்தம் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கார் சுவரில் மோதியிருந்தது. அதையே வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். காரின் மூக்கு நொறுங்கித் தூளானது. இரண்டு சக்கரங்கள் கழன்று தனியாக ஓடின. பக்கவாட்டுத் தகடுகள் பறந்தன. கடைசியில் நடுப்பகுதி மட்டும், ஒரு தொட்டிபோல, தரையில் தேய்ந்துகொண்டே போய் நின்றது. உள்ளே இருந்தவர் கையூன்றி எழுந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே வேலியைத் தாண்டி நடந்து போனார்.

"இது வெறும் தீப்பெட்டியாக்கும்" என்றார் மேஸ்திரி. நெய்யாற்றின்கரையில் தம்பி நடத்திய ஒர்க்ஷாப்பில் வெல்டிங் வேலை முழுவதும் அவர் கையில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ஒரு இடி தாங்கல்ல. இதுக்கு நம்ம ஊரு ஆட்டோ மதி, அதே போரும்."

"நம்ம அப்பாக்க ஜீப்பு இடிச்சிருந்தா சுவராக்கும் போயிருக்கும்" என்றான் தம்பி.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினான்.

அப்பா இறந்தது அந்த ஜீப்பில்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் ஓர் அயனி மரத்தில் மோதினார். ஜீப்பின் முன்னால் தடித்த இரும்புச் சட்டம் வெல்டு செய்திருந்தது. மரத்தின் பட்டை உரிந்தது. சட்டத்தில் பெயின்ட் போனது. ஸ்டீயரிங் அப்பாவின் மார்பில் இறங்கியிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் முற்றத்தில் நின்ற ஜீப்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். "வண்டிக்கு ஒண்ணும் ஆவல்ல, கேட்டியா. பழைய இரும்பாக்கும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு அதைக் குன்னத்துகால்காரர் ஒருவர் வாங்கினார். வாழைக்குலை ஏற்றிக்கொண்டு இப்போதும் என் தையல் கடையைத் தாண்டிப் போகிறது.

அன்று நான் வார் தைப்பதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார் தூளானது, ஆள் நடந்து போனார். எங்கள் ஜீப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்பா திரும்பி வரவில்லை. இரண்டும் ஒரே மாதிரியான மோதல்தான். அப்படியானால் மோதலின் விசை அங்கே எங்கே போனது, இங்கே எங்கே போனது?

என் தொழிலில் இதற்கு ஒரு பதில் உண்டு. பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு இயந்திரங்கள் போட்டுத் தையல் கடை நடத்துகிறேன். பள்ளிப் பைகள், ஆட்டோவுக்கும் ஜீப்புக்கும் ரெக்சின் சீட் உறைகள். வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்வேன்: துணியைவிட நூல் பலமாக இருக்கக் கூடாது. இழுபட்டால் நூல் அறட்டும், மறுபடி தைத்துக்கொள்ளலாம். நூல் அறாவிட்டால் துணி கிழியும். கிழிந்த துணிக்கு மருந்தில்லை. ஜீப்பில் நூல் அறவில்லை. அதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றியது.

நெய்யாற்றின்கரை ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் பழைய கார்ப் பத்திரிகைகள் கிடைத்தன. ஆங்கிலம். அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். புதிய ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்கத்தை மடங்குவதற்கென்றே அளந்து செய்கிறார்கள் என்று எழுதியிருந்தது. மடங்க மடங்க, கார் நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சத்தில்தான் உயிர் இருக்கிறது. ஆள் இருக்கும் கூடு மட்டும் மடங்கவே கூடாது. மோதும் கணத்தில் பெல்ட் தானாக இறுகும், ஸ்டீயரிங்குக்குள் இருந்து ஒரு பை ஊதி எழும், ஸ்டீயரிங் தண்டு மார்புக்கு வராமல் தனக்குள் சுருங்கிக்கொள்ளும். இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகு பத்திரிகையை மூடிவைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

இப்படியிருக்கும்போதுதான் தம்பி ஒருநாள் கடைக்கு வந்து, எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு பெல்ட்டு தச்சுத் தரணும்."

"பேன்ட்டுக்கா?"

"காருக்கு. தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு. மலையில ரேஸ் உண்டு. ஒவ்வொரு காரா ஏறணும், நேரம் பாப்பாங்க. நான் பேரு குடுத்தாச்சு."

எனக்கு அவனைவிடப் பத்து வயது கூடுதல். வேண்டாம் என்று நான் சொன்ன எதையும் அவன் செய்யாமல் விட்டதில்லை. அம்மாவிடம் சொல்லி அழவைக்கலாம். பெயரை வாபஸ் வாங்குவான், அடுத்த வருஷம் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிறவனுக்கு நான் எதையும் தைத்துக் கொடுக்க முடியாது.

"காரக் காட்டு முதல்ல" என்றேன்.

ஒர்க்ஷாப்பின் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். பழைய சின்னக் கார். உள்ளே இருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஆளைச் சுற்றிக் குழாயால் ஒரு கூண்டு வெல்டு செய்திருந்தார்கள். மேஸ்திரி பெருமையுடன் அதில் தொங்கிக் காட்டினார். கூண்டு எனக்குப் பிடித்தது. ஆனால் காரின் முன்னால் லாரிக்குப் போடுவதுபோல ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. அதோடு, கூண்டின் குழாய்களிலும் தலைக்குப் பின்னாலும் கை தடிமனுக்கு ரப்பர் சுற்றியிருந்தது. எங்கள் ஊரில் அப்படித்தான். ஜன்னல் ஆடினாலும், கட்டில் கால் தேய்ந்தாலும், மோட்டார் அதிர்ந்தாலும் மருந்து ரப்பர். வீட்டைச் சுற்றி ரப்பர் மரம்தான் நிற்கிறது, எதற்குத்தான் உதவாது?

"சட்டம் போவணும். ரப்பரும் போவணும். பிறகு பெல்ட்டு" என்றேன்.

"சேச்சி, தல இடிச்சா நோவக் கூடாதுல்லா? அதுக்காக்கும் ரப்பர்" என்றார் மேஸ்திரி.

"எனக்க அக்காவுக்கு டி.வி.ல காரு ஒடஞ்சதக் கண்டதிலேர்ந்து இப்பிடித்தான்" என்றான் தம்பி. "இவ காரு செஞ்சா அப்பளத்திலயாக்கும் செய்வா."

"அப்பளம் முன்னால இருக்கட்டு, லே. உள்ள நீ இருக்க இடம் இரும்பா இருந்தா மதி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் பேருந்து ஏறி வந்துவிட்டேன்.

ரப்பர் சரியில்லை என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், கடைக்கு உள்துணி மாற்ற வந்த ஒரு ஹெல்மெட். துணியைப் பிரித்தபோது உள்ளே பஞ்சு இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் இருக்கும் என்று நினைத்தேன். தெர்மோகோல் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு வருமே, கையால் ஒடித்துத் தூர எறிவோமே, அதுவேதான். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் பெருவிரல் புதையும் அளவுக்குக் குழி. அதன் சொந்தக்காரர் ஒருமுறை விழுந்திருக்கிறார். குழி விழுந்தது விழுந்தபடியே இருந்தது. நான் நெடுநேரம் அந்தக் குழியைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்துணி தைக்கவில்லை. இனி இது உதவாது, புதியது வாங்குங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் தொடங்கும் முன்பு, தம்பியையும் மேஸ்திரியையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். ஒரு பக்கம் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கியிருந்தேன். இன்னொரு பக்கம் அதே உயரத்துக்குத் தெர்மோகோல். பக்கத்துப் பலசரக்குக் கடையில் ஒரு பெரிய எடைக்கல் வாங்கி வைத்திருந்தேன்.

"இதாக்கும் உனக்க தல" என்று எடைக்கல்லைத் தம்பியிடம் கொடுத்தேன். "ரெண்டிலயும் போடு."

"எனக்க தலைக்கு இத்தற கனம் இருக்கா?"

"உள்ள ஒண்ணும் இல்லாட்டாலும் எலும்பு உண்டுல்லா" என்றார் மேஸ்திரி.

தெர்மோகோலில் முதலில் போட்டான். சத்தமே இல்லை. கல் பாதி புதைந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு ரப்பரில் போட்டான். கல் முழங்கால் உயரத்துக்குத் துள்ளி, சாய்ந்து வந்து அவன் கால் பெருவிரலில் விழுந்தது. அவன் ஒற்றைக் காலில் முற்றத்தைச் சுற்றி வந்தான். அம்மா உள்ளே இருந்து என்ன என்று கேட்டார்.

"வாங்கினத ரப்பர் திரும்பக் குடுக்கும்" என்றேன். "அதுக்க குணம் அது. தல போய் இடிக்கும், ரப்பர் தள்ளிவிடும், அடுத்த கம்பியில இடிக்கும். மற்றது வாங்கினத வச்சுக்கிடும். தானும் செத்துப்போவும்."

தம்பி கல் பதிந்த குழியில் விரலை விட்டுப் பார்த்தான். வலியில் முகம் இன்னும் கோணலாக இருந்தது.

"சரி, ரப்பர் போவட்டும்" என்றான். "சட்டம் இருக்கட்டும். மலையில ஒரு பக்கம் கல்கட்டுச் சுவராக்கும்."

நான் அவனையே பார்த்தேன். அப்பாவைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அன்றும் பேச நினைக்கவில்லை.

"அந்த அயனி மரத்துக்கு என்ன ஆச்சு, லே?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மேஸ்திரி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "நாளைக்கே முறிச்சு மாற்றியேக்காம், சேச்சி" என்றார்.

சட்டம் போனது. பெல்ட்டுக்கு வேண்டிய வாரைத் தம்பி சென்னையிலிருந்து வரவழைத்தான். ஒரே அழுத்தில் திறக்கும் பூட்டு வளைகுடாவில் இருந்த அவன் நண்பன் மூலம் வந்தது. அந்த வாரை என் இயந்திரத்தில் தைக்க மூன்று முறை ஊசி மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முனையிலும் சதுரம் தைத்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினேன். தைத்த ஒரு முனையை ஒர்க்ஷாப்பின் எஞ்சின் தூக்கும் சங்கிலியில் மாட்டி, ஒரு காரின் முன்பக்கத்தையே தூக்கிப் பார்த்தோம். அந்தத் துண்டை உடனே குப்பையில் போட்டேன். இழுபட்டது இழுபட்டதுதான்.

இடுப்பு வார் வயிற்றில் விழக் கூடாது, இரண்டு இடுப்பெலும்புகளின்மேல் விழ வேண்டும். அதற்காகத் தம்பியைக் காருக்குள் உட்காரவைத்து நாலு முறை அளவெடுத்தேன். பெல்ட்டின் போல்ட்டுகள் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடாமல் அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்தார் மேஸ்திரி. குழாய்களுக்கு ரப்பருக்குப் பதில் தெர்மோகோல் வைத்து, மேலே நான் ரெக்சின் போட்டேன். நீல நிறம். கடையில் மிச்சமிருந்தது அதுதான்.

கடைசித் தகராறு அம்மாவோடு. எங்கள் பக்கத்தில் புது வண்டி என்றால் செங்கல் என்ற ஊரில் உள்ள மகேஸ்வரம் கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் ஓட்டுவோம். பந்தயம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தோம். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "சாமி முன்னால கொண்டு வச்சிட்டுப் போவட்டும்" என்றார். பூஜை முடிந்ததும் அம்மா முந்தானையிலிருந்து ஒரு பித்தளைப் பிள்ளையாரை எடுத்து, ஸ்டீயரிங்குக்கு முன்னால் வைத்து ஒட்டச் சொன்னார். கைக்கு அடக்கம், நல்ல கனம். அப்பாவின் ஜீப்பில் இருந்தவர்தான்.

நான் எடுத்துத் திரும்ப அம்மாவின் கையில் வைத்தேன்.

"சாமிய எடுத்து மாற்றுகியாடீ?"

"இடிச்சா இவரு பறந்து அவனுக்க நெத்தியில வருவாரும்மா. வீட்டுல இருந்து பாக்கட்டும். களபம் தொட்டு வையுங்க, மதி."

அம்மா என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்துக் காருக்குள் பட்டையாகப் பூசினார். "விட்டா சாமிக்கும் பெல்ட்டு தச்சிருவா" என்று தம்பியிடம் சொன்னார். பிள்ளையாரை முந்தானையில் முடிந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பந்தயத்துக்கு நானும் போனேன். தைத்தது நான், அதனால் போனேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறும் பாதை. அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. தம்பி உட்கார்ந்ததும் தோள் வார்களை நானே இழுத்து இறுக்கினேன்.

"மூச்சு முட்டுது, அக்கா."

"கொஞ்சம் முட்டட்டும்."

நாலாவது காராகப் போனான். சத்தம் ஒவ்வொரு வளைவாக ஏறிப்போவது கீழே இருந்தே கேட்டது. பிறகு சத்தம் நின்றது. எங்கள் அறையில் நின்றதுபோலவே நின்றது.

மேஸ்திரியும் நானும் குறுக்கு வழியில் தேயிலைச் செடிகளுக்குள் ஏறி ஓடினோம். கார் கல்கட்டில் மோதி, ஒரு முறை உருண்டு, கீழ்ப்பாத்தியில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது. முன்பக்கம் என்று ஒன்று இல்லை. எஞ்சின் மூடி மடிந்து முன்கண்ணாடி வரை வந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம். தண்ணீரும் எண்ணெயும் ஒழுகிக்கொண்டிருந்தன. ஆனால் கூண்டு நாங்கள் செய்த வடிவத்திலேயே இருந்தது. நீல ரெக்சினில் தலைக்கு நேராக ஒரு பெரிய குழி. அதன் நடுவில் தம்பி பெல்ட்டில் குறுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

"அறுக்காதீங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "நல்ல பெல்ட்டாக்கும்."

நான் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி பூட்டை அழுத்தி, சொத்தென்று விழுந்து, உடைந்த பின்கண்ணாடி வழியாக ஊர்ந்து வெளியே வந்தான். இடது தோளெலும்பு முறிந்திருந்தது. தோளிலும் இடுப்பிலும் வார் அகலத்துக்குச் சிவந்து தடித்திருந்தது. வேறொன்றும் இல்லை. புல்லில் உட்கார்ந்து காரை நெடுநேரம் பார்த்தான்.

"காரு போச்சு, அக்கா" என்றான்.

"போவட்டும்" என்றேன்.

தோளெலும்பு கூட மழைக்காலம் முழுவதும் ஆனது. அதற்குள் மேஸ்திரி கூண்டை வெட்டியெடுத்துவிட்டு, இன்னொரு பழைய காரைப் பிடித்துவிட்டார். தம்பி ஒருநாள் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தான்.

"பொன்னு போல இருக்கு பாத்தியா. ஒரு நூலு போவல்ல. அடுத்ததுக்கு இது மதி."

மேசையில் விரித்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் புதிதுதான். வெளிச்சத்தில் பிடித்தால் தோள் வாரில் ஓரிடத்தில் சின்னச் சின்ன அலைகள் தெரிந்தன. குறுக்குத் தையலில் ஓர் ஓட்டம் அறுந்து, முனைகள் மயிர்போல எழுந்து நின்றன. இரண்டு தோள் வார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று மற்றதைவிட இரண்டு விரல் நீளமாக இருந்தது. சமமாகத்தான் வெட்டியிருந்தேன்.

பெரிய கத்தரியை எடுத்து வாரை நடுவில் வெட்டினேன். பிறகு மற்றதையும். தடித்த வார், இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. இயந்திரத்தில் இருந்த பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அக்கா இது" என்றான், சத்தம் இல்லாமல்.

"அதுக்க வேல முடிஞ்சு போச்சு. ஒரு தடவைக்கு உள்ளதாக்கும் அது."

அவன் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே சாலையில் குலை ஏற்றிய ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அப்பாவின் ஜீப்தானா என்று எட்டிப் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை.

"அப்ப, புதுசு எப்பம் கிடைக்கும்?" என்று கேட்டான்.

"அளவு எடுக்கணும். இரி."

"பழைய அளவு உண்டுல்லா?"

"பழைய தோளு இல்லல்லா."

முக்காலியில் உட்கார்ந்தான். அளவு நாடாவைத் தோளில் போட்டேன். கூடிய எலும்பு சட்டைக்கு அடியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. வார் அதன்மேல் விழக் கூடாது. ஒரு விரல் கழுத்துப் பக்கமாக நகர்த்தி, சட்டையிலேயே சாக்குக்கட்டியால் குறி போட்டேன். அவன் நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மூச்ச விடு, மக்கா" என்றேன். "காரு ஓட்டும்பம் மூச்சு விடணும்லா."